துண்டுக்கு அடியில்

விடுதியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குக் கற்றுத்தந்துவிட்டார்கள்: உள்ளாடை என்று ஒன்று உலகத்தில் கிடையாது. போட்டுக்கொள்ளலாம், துவைக்கலாம். ஆனால் காயப்போடும்போது அது இருக்கக் கூடாது. கொடிக்கயிற்றில் முதலில் அதைப் போட வேண்டும், அதன்மேல் ஒரு துண்டை விரிக்க வேண்டும், இரண்டையும் சேர்த்துக் கிளிப் மாட்ட வேண்டும். பார்க்கிறவர்களுக்குத் துண்டு தெரியும். துண்டும் நன்றாகக் காயும். அடியில் இருப்பது இரண்டு நாளானாலும் சொதசொதவென்றுதான் கிடக்கும். அதைத்தான் மறுநாள் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போவோம். நாள் முழுக்க இடுப்பிலும் முதுகிலும் அரிக்கும். அரிப்பும் உலகத்தில் கிடையாது.

திருத்தணியில் மலையடிவாரத்துத் தெரு ஒன்றில், மூன்று மாடி வீட்டைக் கல்லூரிப் பெண்களுக்கு விடுதியாக மாற்றியிருந்தார்கள். எங்கள் மொட்டை மாடிக்கு எதிரே, ஒரு குறுகலான சந்துக்கு அந்தப் பக்கம், கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கும் சத்திரம். அங்கே மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஆண்கள் மாடியில் நின்று பல் தேய்ப்பார்கள். அதனால் வார்டன் மேடம் ஒரு சட்டம் போட்டிருந்தார். "மாடியில சின்னத் துணி எதுவும் தொறந்து கெடக்கக் கூடாது. எதிர்ல ஆம்பளைங்க இருக்காங்க." நகரியிலிருந்து குடும்பத்தோடு பஸ்ஸில் வந்து, முடியைக் கொடுத்துவிட்டு, வாய் நிறையப் பற்பசை நுரையோடு நிற்கிற மனிதர் எங்கள் கொடியைப் பார்த்து என்ன ஆகிவிடுவார் என்று அவர் விளக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்பதென்றால் அந்தத் துணியின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

எங்கள் அறையில் மூன்று பேர். மூத்தவள் கடைசி வருடம் படித்த ஒரு அக்கா, ஆந்திராப் பக்கம் புத்தூர்க்காரி. விடுதியிலேயே பெரிய துண்டு அவளுடையது. அதன் அடியில் மூன்று பேரின் சின்னத் துணியும் குடித்தனம் நடத்தலாம். அதனாலேயே அவளுக்கு எங்களிடம் மரியாதை இருந்தது. இரண்டாவது ஆள் நான்.

எனக்குத் துவைப்பதில் ஒரு கர்வம் உண்டு. கனகம்மாசத்திரத்தில் மெயின் ரோட்டு ஓரமாக எங்கள் டிபன் கடை. நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் கல்லாவில் உட்காருவார், சட்டை கசங்கினால்கூடப் பொறுக்க மாட்டார். ஆனால் சாம்பார் வாளியையும் அவரேதான் தூக்குவார். எண்ணெய்க் கறை, மஞ்சள் கறை, சாம்பார்க் கறை மூன்றையும் பதினாறு வயதுக்குள் ஜெயித்தவள் நான். அடுத்தவர்கள் துவைப்பதைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். சும்மா இருக்கவும் தெரியாது. "அப்படி இல்ல, இங்க குடு" என்று பிடுங்கிக்கொள்வேன். இதை நிறையப் பேர் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவதாக வந்தவள் அரக்கோணத்துக்காரி. என் வகுப்புதான். முதல் வருடம் முழுக்க ரயிலில் வந்துபோய்க்கொண்டிருந்தாள். விடுமுறையில் ஒருநாள், குளிக்கக் காய்ச்சிய வெந்நீரைப் பக்கெட்டோடு தூக்கிக்கொண்டு வரும்போது ஈரத்தரையில் வழுக்கி விழுந்தாள். இடது கை முழுக்க, தோள், கழுத்தில் ஒரு பக்கம் வெந்துபோயிற்று. ரயில் கூட்டத்தில் யாராவது உரசினால் புதுத் தோல் கிழிந்துவிடும் என்று டாக்டர் சொன்னதால், பைக் மெக்கானிக்கான அவள் அப்பா பதின்மூன்று கிலோமீட்டர் தூரத்தில் வீடு இருந்தும் மகளை விடுதியில் கொண்டுவந்து விட்டார்.

வெந்நீர் கொட்டியது, அவ்வளவுதான் கதை. ஆனால் இந்தக் கதை யாருக்கும் போதவில்லை. பக்கத்து அறைகளிலிருந்து ஒவ்வொருத்தியாக வந்து, கட்டிலில் உட்கார்ந்து, ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்பாள். "லவ் மேட்டரா?"

"இல்ல. வெந்நீர்."

"யாராவது ஊத்திட்டாங்களா?"

"நான்தான் வழுக்கி விழுந்தேன்."

"ஓ" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். அந்த ஏமாற்றத்தைப் பார்த்து அவளே ஒருநாள் என்னிடம் வருத்தப்பட்டாள். "பாவம்டி, எவ்ளோ ஆசையா வராங்க."

அவளிடம் ஒரு சட்டை இருந்தது. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் அவள் கையையும் தோளையும் அங்குலம் அங்குலமாக அளந்து தைத்துக் கொடுத்தது. பாதிச் சட்டை என்று சொல்லலாம். ஒரு கை, ஒரு தோள், மார்பைச் சுற்றி ஒரு பட்டை. எலாஸ்டிக் மாதிரியான துணி, தோல் நிறம். பிடித்தால் அப்படி ஒரு பிடி. வெந்த இடத்தை அது அழுத்திக்கொண்டே இருந்தால்தான் தழும்பு தடிக்காது, முழங்கை மடங்கி நிமிரும். இல்லாவிட்டால் தோல் சுருங்கி இழுத்துக்கொள்ளும், கை கோணலாகவே நின்றுவிடும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு நாளில் இருபத்து மூன்று மணி நேரம் உடம்பில் இருக்க வேண்டும். மிச்சம் ஒரு மணி நேரத்தில் குளியல், எண்ணெய் தேய்ப்பது எல்லாம். அதனால் இரண்டு கொடுத்திருந்தார்கள். ஒன்று உடம்பில், ஒன்று துவைப்பில்.

துவைப்பதற்கு ஒரு தாளில் சட்டதிட்டங்களும் கொடுத்திருந்தார்கள். சூடான தண்ணீர் கூடாது. சோடா சோப்பு கூடாது. பிழியக் கூடாது. வெயில் படக் கூடாது. இஸ்திரி கூடவே கூடாது. தினமும் துவைக்க வேண்டும், நிழலில் காய வேண்டும். படித்தபோது எனக்கே ஒரு நல்ல போட்டியாளர் கிடைத்த மாதிரி இருந்தது.

வந்த மறுநாள் அவள் ஒற்றைக் கையால் அதை அலசிக்கொண்டிருந்தாள். ஒரு ஓரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு மறு ஓரத்தைக் கசக்கினாள். என்னால் பொறுக்க முடியவில்லை. உதவி செய்தேன் என்று சொன்னால் பொய். அவள் துவைக்கிற விதம் பிடிக்காமல் பிடுங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அது என் வேலை. ஷாம்பு பாக்கெட்டில் பாதியை ஒரு பக்கெட் தண்ணீரில் கலந்து, பத்து நிமிடம் ஊறவைத்து, பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி அலசுவேன். பிறகு காய்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி, மேலே ஏறி நின்று ஈரத்தை எடுப்பேன். சாயங்காலம் அந்த ஒரு மணி நேரத்தில் அவள் கைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பதும் நானே. முதல் நாள் தொடப் பயமாக இருந்தது. மேடும் பள்ளமுமாக, சில இடம் கெட்டியாக, சில இடம் வழவழவென்று இருந்தது. நான்காவது நாள் அது அவள் கை, அவ்வளவுதான்.

காயப்போடுவதில்தான் சிக்கல். அந்தச் சட்டை சட்டையா, சின்னத் துணியா என்று விடுதியில் யாரும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்யத் தேவையும் இருக்கவில்லை. தோல் நிறம், எலாஸ்டிக், மார்பைச் சுற்றிப் பட்டை. பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரித் தாளில் இருந்த எல்லா விதிகளோடும் எங்கள் விதியும் சேர்ந்துகொண்டது. அதுவும் துண்டுக்கு அடியில் போயிற்று.

வெயில் இருக்கிற வரைக்கும் சமாளித்தோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் அறைக்குள் ஜன்னல் கம்பிக்கும் அலமாரிக் கைப்பிடிக்கும் நடுவே கட்டிய கயிற்றில் எதுவும் காயவில்லை. அறையே ஊறவைத்த அரிசி மாதிரி நாறியது. மூன்று நாளாகச் சட்டை ஓரம் ஈரமாகவே இருந்தது. அவள் அதை அப்படியே மாட்டிக்கொண்டாள். முழங்கை மடிப்பில் தோல் சிவந்து ஊறிப்போயிருந்ததை எண்ணெய் தேய்க்கும்போது பார்த்தேன்.

நான்காம் நாள் மழை விட்டது. அன்று கிருத்திகை, கல்லூரி விடுமுறை. மலையில் காலையிலிருந்தே மைக்கில் அரோகரா கேட்டுக்கொண்டிருந்தது. அவள் சாப்பாட்டுக்குப் பிறகு அசந்து தூங்கிவிட்டாள். நல்ல காற்று. சட்டையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இருந்த கொடியில் அதை நீட்டிப் போட்டேன். வெயில் படவில்லை, காற்று படுகிறது, ஆஸ்பத்திரித் தாளுக்கு எல்லா மரியாதையும் செய்தாயிற்று. பிறகு என் துண்டை எடுத்து அதன்மேல் மூடி, நான்கு கிளிப் மாட்டினேன். அதே கொடியில் யாருடையதோ மூன்று சுடிதார், ஒரு ஜீன்ஸ், ஒரு போர்வை எல்லாம் திறந்தபடி ஆடிக்கொண்டிருந்தன.

திருத்தணிக் குரங்குகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிருத்திகை மாதிரி கூட்டம் வருகிற நாளில்தான் அவை மலையிலிருந்து எங்கள் தெரு மாடிகள் வரைக்கும் இறங்கும். அவற்றுக்குத் துணியில் ஆசை கிடையாது. படிக்கட்டில் ஏறுகிறவர்கள் பழத்தையும் பிரசாதத்தையும் பையில் போட்டு, பையைத் துண்டால் மூடி, துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு போவார்கள். பரம்பரை பரம்பரையாக அதைப் பார்த்து அவை ஒரு பாடம் படித்திருக்கின்றன. எதை மனிதர்கள் மூடுகிறார்களோ அதில் விஷயம் இருக்கிறது. இது புத்தூர் அக்காவுக்குத் தெரியும். "மூடி வெச்சா திங்கறதுன்னுதான்டி நெனைக்கும்" என்று பிறகு சொன்னாள். பிறகுதான் சொன்னாள்.

நான் கீழே போய்க் குடிக்கத் தண்ணீர் பிடித்துக்கொண்டு மேலே வந்தபோது என் துண்டு தரையில் கிடந்தது. நான்கு கிளிப்புகள் நான்கு பக்கம் சிதறிக்கிடந்தன. சுடிதார் மூன்றும், ஜீன்ஸும், போர்வையும் அப்படியே இருந்தன. சந்துக்கு அந்தப் பக்கம், சத்திரத்து மாடிச் சுவரில் இரண்டு குரங்குகள் உட்கார்ந்துகொண்டு, கையில் இருந்ததை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். மூன்று மாடி இறங்கி, சந்தின் குறுக்கே ஓடி, சத்திரத்து ஆபீஸுக்குள் நுழைந்தேன். மேஜைக்குப் பின்னால் மேனேஜர், ஐம்பது வயதிருக்கும். அவருக்குப் பின்னால் சுவரோரம் குரங்கு விரட்டுகிற நீளக் கழியும், ஜன்னல் திட்டில் பட்டாசுப் பொட்டலமும் இருந்தன. மேஜைக்கு முன்னால் ரூம் சாவிக்காகப் பத்துப் பதினைந்து ஆண்கள். எல்லோரும் அன்று காலைதான் மொட்டையடித்தவர்கள். அத்தனை சந்தனத் தலைகளும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின.

"இன்னாமா பாப்பா, இன்னாத்துக்கு இப்பிடி ஓடியாற?"

"உங்க மாடில குரங்குங்க... எங்க ஹாஸ்டல்லேந்து துணிய தூக்கினு வந்துடுச்சி."

"இன்னா துணி?"

வாயைத் திறந்தேன். சட்டை என்றால் என்ன சட்டை என்பார். கலர் கேட்பார். தோல் கலர் என்று சொன்னால் இந்தப் பதினைந்து தலைக்குள்ளும் ஒரே படம்தான் ஓடும். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. கறைகளை எல்லாம் ஜெயித்தவளுக்கு அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை.

"துண்டு" என்றேன்.

அவர் முகத்தில் கவலை போய்ச் சிரிப்பு வந்தது. "ஒரு துண்டுக்கா இந்த ஓட்டம்? குரங்குகிட்ட போயி மல்லு கட்டினா கடிச்சி வெச்சிரும்மா." மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு மஞ்சள் துண்டை எடுத்து நீட்டினார். "இந்தா. யாரோ உட்டுட்டுப் போனது. தோச்சிதான் வெச்சிருக்கேன், எடுத்துக்க."

வாங்கிக்கொண்டேன். நன்றியும் சொன்னேன். அது நல்ல துண்டு, ஓரமெல்லாம் மடித்துத் தைத்தது. அதையும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் மாடிக்குத் திரும்பி வந்து பார்த்தேன். அவை இப்போது சத்திரத்தின் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறியிருந்தன. ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தன. அந்தத் துணியின் இழுவையை ஆஸ்பத்திரியில்கூட அவ்வளவு நன்றாகச் சோதித்திருக்க மாட்டார்கள். ஒன்று தன் கையை உள்ளே விட்டுப் பார்த்தது, இடது கையைத்தான். பிறகு பல்லால் கடித்தது. தின்ன எதுவும் இல்லை என்று தெரிந்ததும் கோபம் வந்துவிட்டது போலிருக்கிறது. நார் நாராகக் கிழித்துப் போட்டுவிட்டு மலைப்பக்கம் போய்விட்டன. நான் ஒரு கையில் என் துண்டும் மறு கையில் மஞ்சள் துண்டுமாக நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

எழுப்பிச் சொன்னேன். அவள் எழுந்து உட்கார்ந்து, தூக்கக் கலக்கத்தில் முதலில் தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். போட்டிருந்தது இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டாள்.

"எங்க போச்சி?"

"மலைப்பக்கம் தூக்கினு போயிடுச்சி."

"சத்திரத்துல போயி கேட்டியா?"

"கேட்டேன். அங்க எதுவும் வரலன்னுட்டாங்க."

"சரி உடு. நீ இன்னா பண்ணுவ" என்றாள். மஞ்சள் துண்டை என் பெட்டியின் அடியில் வைத்தேன்.

அதற்குப் பிறகு அவளிடம் ஒரே சட்டைதான். சாயங்காலம் கழற்றி, நான் துவைத்து, துண்டில் சுருட்டி, மேலே ஏறி மிதித்து, மின்விசிறிக்கு அடியில் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு காயுமோ அவ்வளவுதான். ஈரத்தோடு மாட்டிக்கொள்வாள். மூன்றாம் நாள் முழங்கை மடிப்பில் புண் வந்தது. நான்காம் நாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நர்ஸ் பேசியது எனக்கும் கேட்டது.

"கிழிஞ்சதா இருந்தாலும் பரவால்லமா, பழச எடுத்துகினு வாங்க. அத வெச்சி வெட்டிடுவாங்க, சீக்கிரம் கெடச்சிரும். அதுவும் இல்லன்னா திரும்ப அளவெடுக்கணும், உங்களுக்கு முன்னாடி நெறைய பேர் இருக்காங்க. ஒன்றரை மாசம் ஆவும். ஒன்ன வெச்சி அவ்ளோ நாள் ஓட்டாதீங்க, கை இழுத்துக்கும்."

ஒன்றரை மாதம். அவள் இடது கையை நீட்டிப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். எங்கள் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால் சத்திரத்துத் தொட்டியின் ஓரம் தெரியும். அதிலிருந்து இறங்குகிற குழாயில் தோல் நிறத்தில் ஒரு பட்டை சுற்றிக்கொண்டு, நான்கு நாளாக ஆடிக்கொண்டிருந்தது. நான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் பல் தேய்த்தேன். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சட்டை அங்கே இருக்கிறது என்று சொன்னால், அன்றைக்கே ஏன் கேட்டு வாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மறுபடியும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்துவிடுவேன்.

போனை வைத்துவிட்டு அவள் மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். சுற்றிலும் எல்லா மாடிகளையும் மெதுவாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"ஏய், அது இன்னா? அந்த டேங்க் பைப்புல?"

"தெரியல. கயிறா இருக்கும்."

"என்னுதுடி அது."

"நீ இரு, நான் போயி வாங்கினு வரேன்" என்றேன். அவ்வளவு அவசரமாக நான் எந்த வேலைக்கும் முன்வந்ததில்லை. அவள் கேட்காமல் என்னோடு இறங்கி வந்தாள்.

ஆபீஸில் அன்றும் ஆட்கள் இருந்தார்கள். ஒரு குடும்பம், கைக்குழந்தைக்கு மொட்டை. நான் வாசற்படியில் நின்றேன். அவள் நேராக மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். குர்த்தியின் முழுக்கையைத் தோள் வரைக்கும் சுருட்டி, உள்ளே போட்டிருந்த சட்டையைக் காட்டினாள்.

"சார், இதே மாதிரி ஒண்ணு உங்க டேங்க் பைப்புல மாட்டினு இருக்குதுங்க. கை வெந்துபோச்சி, அதுக்குப் போடறது. ஆஸ்பத்திரில தெச்சது. கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல, துண்டு துண்டா இருந்தாலும் எல்லாம் வேணும்."

அவ்வளவுதான். பத்து நொடிகூட ஆகவில்லை. கூரை இடிந்து விழவில்லை. கைக்குழந்தையின் அப்பா, "நான் ஏறட்டுமா சார், எனக்குப் பழக்கம்" என்றார். மேனேஜர் கழியை எடுத்துக்கொண்டு அவரையும் கூட்டிக்கொண்டு மேலே போனார். கால் மணி நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். பெரியதாக மூன்று துண்டுகள், சின்னதாக ஏழெட்டு.

மேனேஜர் பையை அவளிடம் கொடுத்துவிட்டு, "ஏம்மா, அன்னிக்கே இதச் சொல்லியிருந்தா முழுசா எடுத்துக் குடுத்திருப்பேனே" என்றார். "அப்பதான் தூக்கினு வந்துச்சி. ஒரு பட்டாச கொளுத்திப் போட்டா உட்டுட்டு ஓடிரும். இந்தப் பாப்பா துண்டுன்னு இல்ல சொல்லிச்சி. நானும் அதான், துண்டுதானேன்னு வேற துண்டு குடுத்து அனுப்புனேன்."

அவருக்கு என்மேல் கோபம் எதுவும் இல்லை. என்னைப் பார்த்து அன்பாகக் கேட்டார். "துண்டு நல்லா இருக்குதாமா?"

"ஆங், நல்லா இருக்குதுங்க" என்றேன்.

சந்தில் அவள் முன்னால் நடந்தாள். விடுதி வாசலுக்கு வந்ததும் நின்று திரும்பினாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் பதிலுக்குச் சொல்ல என்னிடம் ஏதாவது இருந்திருக்கும். வாய்ச்சண்டையில் எனக்குப் பழக்கம் உண்டு.

"தெனமும் என் கையத் தொட்டு எண்ண தேய்க்கிற. அதுக்கு உனக்குக் கூச்சமே இல்ல. அதுக்குப் போடற துணியச் சொல்லத்தான் கூச்சமா?"

அவமானமாக இருந்தது. துணியின் பெயரைச் சொல்லியிருந்தால் சத்திரத்தில் எவ்வளவு அவமானப்பட்டிருப்பேன் என்று அன்று பயந்தேனோ, அதைப் போலப் பத்து மடங்கு. அழுதால் அதுவும் நடிப்பு மாதிரி இருக்குமென்று அழவில்லை.

அன்று சாயங்காலத்திலிருந்து சட்டையை அவளே துவைத்துக்கொண்டாள். ஒரு ஓரத்தைக் காலால் மிதித்து, மறு ஓரத்தை ஒற்றைக் கையால் கசக்கினாள். நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிடுங்க முடியவில்லை. எண்ணெயும் அவளே தேய்த்துக்கொண்டாள், தோளுக்குப் பின்னால் எட்டாத இடத்துக்குப் புத்தூர் அக்காவைக் கூப்பிட்டாள். என்னோடு பேசாமல் இல்லை. சாப்பிடப் போகலாமா, நோட்ஸ் எடுத்தியா, லைட்டை அணைக்கட்டுமா என்று எல்லாம் பேசினாள். அதுதான் தாங்கவில்லை.

கிழிந்ததை அவள் அப்பா சென்னைக்கு எடுத்துப் போய்க் கொடுத்தார். பன்னிரண்டு நாளில் புதியது வந்தது. அதற்குள் முழங்கை மடிப்பில் ஒரு தழும்பு மட்டும் கயிறு மாதிரி தடித்துவிட்டது. இன்றைக்கும் அந்தக் கை கடைசிக் கொஞ்சம் நிமிராது. அது அந்த நாட்களால் ஆனதுதான் என்று நான் நினைக்கிறேன். அவள் அப்படிச் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

புதியது வந்த மறுநாள் காலை, இத்தனை நாள் போட்டிருந்த பழைய சட்டையைக் கொண்டுவந்து என் பக்கெட்டில் போட்டாள். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் போய்விட்டாள். நான் அப்படி ஒரு கவனத்தோடு அதற்கு முன்னும் துவைத்ததில்லை, பின்னும் துவைத்ததில்லை. ஈரம் எடுத்து முடித்தபோது வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "மாடிக்கு வா" என்றாள்.

தொட்டி நிழலுக்குப் போனோம். சட்டையை நான் கையில் பிடித்திருந்தேன். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு என் எதிரே நின்றாள்.

"இப்ப இதக் குரங்கு தூக்கினு போயிடுச்சி. நீ சத்திரத்துக்கு ஓடற. இன்னா துணின்னு கேக்கறாங்க. சொல்லு."

"சட்டை."

"இன்னா சட்டை?"

"ஆஸ்பத்திரி சட்டை."

"யாருக்கு? எதுக்கு? இன்னா கலரு? எனக்கே கேக்கல. சத்திரம் அங்க இருக்குது."

எதிர் மாடியில் நான்கைந்து பேர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கைப்பிடிச் சுவர் வரைக்கும் போனேன். கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

"என் ஃப்ரெண்டுக்குக் கை வெந்துபோச்சி! அதுக்குப் போடற சட்ட! தோல் கலர்ல இருக்கும்! உள்ள போடறது!"

பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் பிரஷ் வாயில் இருக்க அப்படியே நின்றார்கள். கீழே எங்கேயோ வார்டன் மேடம் "யாரது?" என்று கேட்டார். சத்திரத்து ஆபீஸ் வாசலுக்கு மேனேஜர் அவசரமாக வெளியே வந்து, கையை நெற்றிக்கு வைத்து மேலே பார்த்தார்.

"இங்க இன்னும் ஒண்ணும் வரலமா! வந்தா எடுத்து வெக்கிறேன்!"

அவள் சிரித்தாள். இரண்டு வாரம் கழித்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சட்டையைக் கொடியில் நீட்டிப் போட்டு, இரண்டு கிளிப் மாட்டினேன். மேலே எதையும் போடவில்லை. அது காய்கிற வரைக்கும் இரண்டு பேரும் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து காவல் காத்தோம்.